சோகக் கதை இல்லாதவனுக்கு சீட் கிடையாதா?

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் நம் வகுப்பு மக்கள் எல்லோரும் இப்போது ஒரே கேள்வியோடுதான் அலைகிறார்கள். "பெர்சனல் எஸ்ஸேவுக்கு என்ன தலைப்புடா எடுக்கிறது?"

விஷயம் தெரியாதவர்களுக்கு: அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் 'காமன் ஆப்' என்ற ஒரே விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்கின்றன. அதில் 250 வார்த்தைக்குக் குறையாமல், 650க்கு மிகாமல், உங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டும். ஏழு கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஏழாவது, "தலைப்பு உங்கள் இஷ்டம்". கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். எட்டுக் கேள்விகளில் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தை.

நமக்கு இது ஏன் இவ்வளவு உதைக்கிறது? நம்மை இதுவரை யாரும் "நீ யாருப்பா?" என்று கேட்டதில்லை, அதனால்தான். தமிழ்நாட்டில் பொறியியல் சேர வேண்டுமா? கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மொத்தம் 200க்கு உன் கட்-ஆஃப் என்ன? அவ்வளவுதான். 2007ல் நுழைவுத் தேர்வும் போய்விட்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கூலி வேலை பார்ப்பவரின் மகளும் கலெக்டர் மகனும் ஒரே தரவரிசைப் பட்டியலில் நிற்பது நல்ல விஷயம்தான். ஆனால் பள்ளியில் நாம் எழுதிய கட்டுரை எல்லாம் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் நாலு மேற்கோள். 'நான் விரும்பும் தலைவர்' கூட நோட்ஸைப் பார்த்து மனப்பாடம் செய்ததுதான்! அதனால் இப்போதும் கை தானாக ரெடிமேட் தலைப்பைத் தேடுகிறது.

ரெடிமேட் சரக்கு என்னவென்று பார்ப்போம். மேட்சில் அடிபட்டு மீண்டு வந்தேன். ஒரு வாரம் ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தேன், அவர்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்துல் கலாம்தான் என் வழிகாட்டி. கடைசியில் சொன்னதைப் படிக்கிறவர் கலாமுக்குத்தான் சீட் கொடுப்பார் :-)

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குக் கோபம் வருவது அடுத்த வகையில்தான். சோகம் இருந்தால்தான் சீட் கிடைக்கும் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. என் தோழி ஒருத்தியின் அப்பா மூன்று வருடமாக டயாலிசிஸில் இருக்கிறார். விண்ணப்பத்துக்கு உதவ வந்த ஓர் ஆலோசகர், "சூப்பர் டாபிக்மா, இதையே எழுது" என்றாராம். அவள் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அப்பாவின் நோய் எப்போது 'டாபிக்' ஆனது?

கஷ்டத்தை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவளுக்கே அதை எழுதத் தோன்றினால் தாராளமாக எழுதட்டும். ஆனால் எழுதியே ஆகவேண்டும் என்று யாரும் நெருக்கக் கூடாது. குடும்பச் சூழ்நிலையால் படிப்பு பாதிக்கப்பட்டிருந்தால் அதைச் சொல்ல காமன் ஆப்பிலேயே தனி இடம் இருக்கிறது. பள்ளியிலிருந்து போகும் கடிதத்திலும் குறிப்பிடச் சொல்லலாம். அங்கே நாலு வரியில் தகவலாகச் சொல்லிவிட்டால், கட்டுரையில் வேறு எதை வேண்டுமானாலும் எழுதலாம். இந்த ஒரு விஷயம் தெரியாமலேயே பலர் தங்கள் வீட்டுத் துக்கத்தை 650 வார்த்தைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, எதைத்தான் எழுதுவது? என்னிடம் இரண்டு சோதனைகள் உண்டு.

ஒன்று, பெயரை மறைத்துவிட்டு வகுப்பில் படித்தால், "டேய், இது அவன்தான்டா" என்று நண்பர்கள் சொல்லவேண்டும். இரண்டு, அதைப் பற்றிப் பத்து நிமிடம் தயாரிப்பே இல்லாமல் பேச வரவேண்டும், கேட்கிறவன் "அப்புறம்?" என்று கேட்கவேண்டும்.

எங்கள் தெருவில் ஒருவன் இருக்கிறான். பேட்டிங் வராது, பௌலிங்கும் வராது. ஆறாம் வகுப்பிலிருந்து அவன்தான் அம்பயர். சொந்த அண்ணனுக்கே எல்பிடபிள்யூ கொடுத்துவிட்டு வீட்டில் திட்டு வாங்கியவன். சந்தேகம் வந்தால் என்ன செய்வான், பத்துப் பேர் கத்தும்போது எப்படி நிற்பான், எந்தத் தீர்ப்பு இன்னும் உறுத்துகிறது என்று மணிக்கணக்கில் பேசுவான். அவனிடம் இதை எழுது என்றால், "இதெல்லாம் ஒரு தலைப்பா?" என்கிறான். ஆமாம்டா, இதுதான் தலைப்பு! அவன் எப்படிப்பட்டவன் என்பது கோப்பை ஜெயித்த கதையைவிட இதில் நன்றாகத் தெரியும்.

ஏஐயிடம் கேட்டால் பத்துத் தலைப்பு உடனே தரும். பத்தும் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அம்பயர் கதை அதற்குத் தெரியாது.

இன்னொன்று. ஏழு கேள்விகளை முன்னால் வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். முதலில் விஷயத்தை எழுதுங்கள், அது எந்தக் கேள்விக்குப் பொருந்துகிறது என்று பிறகு பாருங்கள். எதற்கும் பொருந்தாவிட்டால் ஏழாவது இருக்கவே இருக்கிறது. கடைசிப் பத்தியில் "இதிலிருந்து நான் கற்ற பாடம்" என்று நீதி சொல்ல ஆரம்பித்தால் மட்டும் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

பல கல்லூரிகளில் முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குக் கெடு நவம்பர் 1. தலைப்பு தேடியே அக்டோபரைத் தொலைத்துவிடாதீர்கள் மக்களே.