ஒருநாள் வாடகைக்குச் சாதியில்லை

குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு வீடும் தென்காசியில் மாத வாடகைக்கு இரண்டு போர்ஷனும் விடுகிறேன். ஆகவே இது என்மேல் நானே வைக்கும் வழக்கு.

சாரல் விழுந்ததும் வருகிறவர்களிடம் ஆதார் நகலும் அட்வான்ஸும் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவேன். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து அவர்கள் கோழி பொரித்த அடுப்பைக் கழுவி, அடுத்தவருக்கு விடுவேன். தீட்டு எதுவும் ஒட்டவில்லை.

தென்காசி வீட்டுக்கு மட்டும், "நீங்க எந்த ஆளுக?" 2019-இல் தனி மாவட்டமான பிறகு மாற்றலாகி வந்த ஓர் அரசு ஊழியரிடமும் அதைத்தான் கேட்டேன். "சம்பளச் சீட்டு காட்டட்டுமா சார்?" என்றார். மறுபடி வரவே இல்லை.

"அண்ணாச்சி, ஒரு பூஜை ரூம் கட்டிருங்க. கேக்காமலே ஆளு வடிகட்டிரும்" என்றார் புரோக்கர். சாதியைச் சிமெண்டிலும் பூசலாம் போல.

அரசியலமைப்பின் 15(2) கடை, ஓட்டல் வாசலில் இந்தப் பாகுபாட்டைத் தடுக்கிறது. வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அந்த இடுக்கில்தான் நாங்கள் குடியிருக்கிறோம்.

"என் சொத்து, என் இஷ்டம்" என்பார்கள். சரி. வாடகை ஒழுங்காகத் தருவாரா, வீட்டைப் பார்த்துக்கொள்வாரா என்று விசாரியுங்கள். அதற்கான பதில் பழைய வீட்டுக்காரரிடம் இருக்கிறது, சாதியில் இல்லை.

அடுத்தமுறை உங்கள் அப்பா வீடு காட்டும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். அந்தக் கேள்வி வந்தால், "எதுக்குப்பா?" என்று அவர் முன்னாலேயே கேளுங்கள்.