அழத் தெரியாத பிள்ளை

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள் நம் பெரியோர். அப்படியானால் அழத் தெரியாத பிள்ளையின் கதி என்ன? வாய் பேச வராத பிள்ளை, எழுந்து நிற்க இயலாத பிள்ளை, வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லாத பிள்ளை, இவர்களுக்காகக் கேட்க வேண்டியவர்கள் பெற்றோர். பெற்றோருக்குக் கேட்கும் வழி தெரியாவிட்டால், அவர்கள் பக்கம் நின்று கேட்க வேண்டியது சங்கம். இதைச் சங்கத்தின் வேலையல்ல என்று எவரும் ஒதுக்கிவிட முடியாது.

தோட்டத்துத் தாயின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். கணவன் மனைவி இருவரும் மரம் வெட்டினால்தான் மாதக் கடைசியில் கடைக்கணக்குத் தீரும். நல்ல உடம்புள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். மற்றப் பிள்ளையை யாரிடம் விடுவது? அடுத்த வீட்டுக் கிழவி எத்தனை நாள் பார்ப்பாள்? கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போகும் தாய் கல்நெஞ்சக்காரி அல்ல. வீட்டிலிருந்தால் ஒரு சம்பளம் போகிறது. வேலைக்குப் போனால் மனம் வீட்டிலேயே கிடக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் நாள்தோறும் கத்தி பிடிக்கிறாள்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. உடற்குறையுள்ளோருக்கான சட்டம் 2008-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் அதன் நன்மை லயத்து வாசல் வரை வந்து சேரவில்லை. ஆகவே இருப்பது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

முதலாவது, ஓ.கே.யு. அட்டை. சமூக நல இலாகா வழங்கும் இந்த அட்டைதான் எல்லாக் கதவுக்கும் சாவி. பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகைக் குறை என ஏழு பிரிவுகள் இதில் உண்டு. மருத்துவர் உறுதிப்படுத்திக் கையெழுத்திட்ட பாரத்தையும் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் கொண்டு பதிய வேண்டும். பதிவது கட்டாயமல்ல; ஆனால் பதியாத பிள்ளை இலாகாவின் கணக்கில் இல்லாத பிள்ளை. அட்டையிருந்தால் அரசாங்க மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பில் சிகிச்சைக் கட்டணமும் இல்லை.

இரண்டாவது, பள்ளி. 2019-ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. சிறப்புக் கல்வி வகுப்பில் சேரும் பிள்ளைக்கு மாதம் 150 வெள்ளி படித்தொகை உண்டு. "இதற்கெல்லாம் படிப்பு எதற்கு?" என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். பள்ளி வயதைத் தாண்டியவர்களுக்கும் சேர முடியாதவர்களுக்கும் பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. 1984-இல் திரெங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது.

மூன்றாவது, படுத்த படுக்கையாகக் கிடக்கும் பிள்ளையைப் பராமரிப்பவருக்கான உதவி. மாதம் 350 வெள்ளியாக இருந்த இது, 2021-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. குடும்ப வருமானத்திற்கு வரம்பு உண்டு. ஆயினும் மனுப் போட்டுப் பார்க்காமலே 'நமக்குக் கிடைக்காது' என்று முடிவு கட்டலாகாது.

நான்காவது விஷயம் நம்மில் பலர் அறியாதது. சொக்சோவில் சந்தா கட்டிய தொழிலாளி இறந்து, குடும்பத்திற்குப் பென்ஷன் கிடைக்கும்போது, பிள்ளையின் பங்கு பொதுவாக 21 வயதோடு நின்றுவிடும். ஆனால் மனவளர்ச்சி குன்றியோ உடல் இயலாமலோ தானே பிழைக்க முடியாத பிள்ளைக்கு, அந்த நிலை நீடிக்கும் வரையில் பங்கும் நீடிக்கும். 'எனக்குப் பின் இந்தப் பிள்ளைக்கு யார்?' என்று ஒவ்வொரு தகப்பனும் உள்ளுக்குள் கேட்கிற கேள்விக்கு, ஓரளவேனும் பதில் இது. பிள்ளையின் குறையை மருத்துவர் எழுத்து மூலம் இன்றே பதிந்து வைத்தால், நாளை விதவையான தாய் அலையாமல் இருப்பாள்.

இனிக் குறைகளைச் சொல்வோம். உடற்குறையுள்ள பிள்ளைக்கான வருமானவரிக் கழிவு 2025-ஆம் வரியாண்டு முதல் 8,000 வெள்ளி. வரி கட்டும் கிராணிமார் இதைக் கேட்டுப் பெறட்டும். ஆனால் வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாத வெட்டுக்காரனுக்கு இது ஏட்டுச் சுரைக்காய்தானே! பள்ளிப் படித்தொகை 150 வெள்ளி. பள்ளியோ பட்டணத்தில் இருக்கிறது. வேன் கூலி கொடுத்தபின் மிஞ்சுவது என்ன? 2008 சட்டத்தைச் செய்தவர்கள், அதை மீறுவோருக்குத் தண்டனை எதையும் அதில் எழுதவில்லை. பல்லில்லாச் சட்டத்தைக் கண்டு யார் அஞ்சுவார்? பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுபோகும் தாய்க்குத் தனி விடுமுறை என்று தொழிற்சட்டத்தில் ஒன்றுமில்லை. அன்றைய வெட்டு அவளுக்குப் போனதுதான்.

ஆகவே நாம் சொல்வது இதுதான். ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். எழுத்தறிந்த கிராணி ஒருவர் பாரம் நிரப்பவும், இலாகாவுக்கு உடன் போகவும் முன்வர வேண்டும். மலாய் மொழியில் உள்ள ஒரு தாளைக் கண்டு ஒரு குடும்பம் பத்து வருஷம் ஒதுங்கி நின்றால், அதைப் படிக்கத் தெரிந்த நமக்கும் அதில் பழி உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை இருந்தால், முதல் வேலையாக அதைக் கவனிக்க வேண்டும்.

கூட்டு ஒப்பந்தம் பேசும் மேசையில் சம்பளத்தோடு இதையும் வைக்க வேண்டும்: பராமரிக்கும் தாய் தகப்பனுக்குச் சம்பளத்துடன் விடுமுறை, பள்ளிக்குப் போக நிர்வாகத்தின் வண்டி. இவை தர்மமாகக் கேட்பவை அல்ல. அந்தத் தாய் வெட்டிய பாலில்தான் தோட்டத்தின் லாபமும் ஊறியது.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளையை மறைக்காதீர்கள். முற்பிறவிப் பாவம் என்று பேசுகிற வாய்கள் பேசட்டும். அந்த வாய்கள் ஒரு வேளைச் சோறு போடப் போவதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சங்கக் காரியாலயத்திற்கு வாருங்கள். அழத் தெரியாத அந்தப் பிள்ளைக்காகச் சங்கம் குரல் கொடுக்கட்டும். அதற்குத்தானே சந்தா கட்டுகிறோம்!