புதிய ஆன்டிபயாடிக்குகளை உருவாக்கும் இந்தியா: நோயாளியின் படுக்கை வரை அவை செல்லுமா?

புது தில்லி: வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களை அழிக்கவல்ல புதிய ஆன்டிபயாடிக்குகளை உருவாக்குவதில் இந்திய நிறுவனங்கள் கடந்த சில ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க இடத்தைப் பிடித்துள்ளன. பிறர் கண்டுபிடித்த மருந்துகளைக் குறைந்த விலையில் தயாரித்துத் தரும் நாடு என்றே அறியப்பட்ட இந்தியா, இத்துறையில் சொந்த மூலக்கூறுகளை உலகுக்கு வழங்கத் தொடங்கியுள்ளது. ஆயினும், ஒப்புதல் பெற்ற மருந்து தேவைப்படும் நோயாளியை உரிய நேரத்தில் சென்றடைவதற்கும், தேவையற்றவர்களிடம் சென்று வீணாகாமல் இருப்பதற்கும் உரிய ஏற்பாடுகள் இன்னும் முழுமை பெறவில்லை.

பிரச்சினையின் அளவு சிறியதன்று. மருந்து எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியா தொற்றுகளால் 2019-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 12.7 லட்சம் பேர் நேரடியாக உயிரிழந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள். 2025 முதல் 2050 வரையிலான காலத்தில் 3.9 கோடி பேர் இவ்வாறு உயிரிழக்கக்கூடும் என்று அதே இதழில் 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வு எச்சரித்துள்ளது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) கண்காணிப்பு வலையமைப்பு தரும் விவரங்களும் கவலை அளிப்பவையே. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நுரையீரல், ரத்தத் தொற்றுகளை ஏற்படுத்தும் கிளெப்சியெல்லா நிமோனியே பாக்டீரியா மாதிரிகளில், இமிபெனெம் மருந்துக்குக் கட்டுப்பட்டவை 2017-இல் சுமார் 58 சதவீதமாக இருந்தன. 2023-இல் இது சுமார் 36 சதவீதமாகக் குறைந்தது. இமிபெனெம், மெரோபெனெம் உள்ளிட்ட கார்பபெனெம் வகை மருந்துகள், பிற மருந்துகள் பலனளிக்காதபோது மருத்துவர்கள் நாடுபவை. இவ்விவரங்கள் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளிலிருந்து திரட்டப்படுபவை என்பதால், நாடு முழுமைக்குமான நிலையாக இவற்றை அப்படியே கொள்ள இயலாது. எனினும், போக்கு எத்திசையில் செல்கிறது என்பது தெளிவாகவே தெரிகிறது.

மூன்று மருந்துகள், மூன்று பாதைகள்

சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் பார்மா நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவான என்மெட்டாசோபாக்டம் இவற்றுள் முதலாவது. பாக்டீரியாக்கள் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து, பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகளைச் சிதைத்துவிடுகின்றன. அந்நொதியைச் செயலிழக்கச் செய்வதே என்மெட்டாசோபாக்டத்தின் பணி. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள செஃபெபிம் மருந்துடன் இது இணைத்து வழங்கப்படுகிறது. சிக்கலான சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளுக்கான மூன்றாம் கட்டப் பரிசோதனையில், இந்தக் கூட்டு மருந்தைப் பெற்றவர்களில் 79.1 சதவீதத்தினருக்குச் சிகிச்சை முழுப் பலன் அளித்தது. ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தப்பட்ட மருந்தில் இது 58.9 சதவீதமாக இருந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் இதற்கு ஒப்புதல் அளித்தது. அந்த அமைப்பின் ஒப்புதலைப் பெற்ற, இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் மருந்தாக இது பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

இம்மூலக்கூறு கடந்துவந்த பாதை எளிதாக அமையவில்லை. இதை மேற்கொண்டு வளர்த்தெடுக்கும் உரிமத்தை ஆர்க்கிட் நிறுவனம் ஐரோப்பாவின் அலெக்ரா நிறுவனத்திடம் வழங்கியது. பின்னர் கடன் சுமையால் ஆர்க்கிட் திவால் நடைமுறைக்கு உள்ளாகி, 2020-இல் தானுகா குழுமத்தின் வசம் சென்றது. கண்டுபிடித்த நிறுவனமே கைமாறிய நிலையிலும் மருந்து பிழைத்து வந்தது.

இரண்டாவது, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட வொக்கார்ட் நிறுவனத்தின் நாஃபித்ரோமைசின். மருத்துவமனைக்கு வெளியே, சமூகத்தில் பரவும் பாக்டீரியா நிமோனியாவுக்கான மாத்திரை இது. நாளொன்றுக்கு ஒரு வேளை வீதம் மூன்று நாட்கள் மட்டும் உட்கொண்டால் போதுமானது. மத்திய அறிவியல் தொழில்நுட்ப இணையமைச்சர் ஜிதேந்திர சிங் 2024 நவம்பர் 20 அன்று இதை அறிமுகப்படுத்தினார். சுமார் 14 ஆண்டுகால ஆராய்ச்சியும் ரூ.500 கோடி முதலீடும் இதன் பின்னணியில் இருப்பதாக அரசு தெரிவித்தது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் பைராக் அமைப்பு, மூன்றாம் கட்டப் பரிசோதனைக்கு ரூ.8 கோடி நிதி வழங்கியது.

மூன்றாவது, அதே நிறுவனத்தின் சிடெபாக்டம்–செஃபெபிம் கூட்டு மருந்து. இது மருத்துவமனைகளில் மட்டும் செலுத்தப்படும் ஊசி மருந்து. பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டும் புரதங்களில் ஒன்றுடன் சிடெபாக்டம் நேரடியாக இணைந்துகொள்வதால், கார்பபெனெம் மருந்துகளையும் சிதைக்கும் என்.டி.எம். நொதியைச் சுரக்கும் பாக்டீரியாக்களுக்கு எதிராகவும் இது செயல்படுகிறது. இந்த நொதியின் பரவலே இந்தியாவின் தனிப்பட்ட சுமை. என்மெட்டாசோபாக்டத்தால் என்.டி.எம். நொதியைத் தடுக்க இயலாது. ஆகவே இம்மருந்தின் மீது மருத்துவர்களின் எதிர்பார்ப்பு கூடுதலாக உள்ளது. அமெரிக்க ஒப்புதல் கோரி 2025-இல் வொக்கார்ட் விண்ணப்பித்தது.

விற்கக் கூடாத பொருளை விற்பது எப்படி?

புதிய ஆன்டிபயாடிக்கின் வணிகம் மற்ற மருந்துகளின் வணிகத்திலிருந்து அடிப்படையில் மாறுபட்டது. நீரிழிவு மருந்தை நோயாளி ஆயுள் முழுவதும் உட்கொள்கிறார். ஆன்டிபயாடிக் சில நாட்களுக்கே தேவைப்படுகிறது. அதிலும் புதிய ஆன்டிபயாடிக்கை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ, அவ்வளவு நீண்ட காலம் அதன் வீரியம் நிலைக்கும். எனவே மருத்துவர்கள் அதைக் கடைசி ஆயுதமாக ஒதுக்கி வைப்பதே சரியான நடைமுறை. மருத்துவ நோக்கில் சரியான இந்த நடைமுறை, மருந்தை உருவாக்கிய நிறுவனத்துக்கு இழப்பாகவே முடிகிறது.

அமெரிக்காவின் அக்காவோஜென் நிறுவனத்தின் கதை இதற்குச் சான்று. அது உருவாக்கிய பிளாசோமைசின் 2018 ஜூனில் ஒப்புதல் பெற்றது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. சீனாவைத் தவிர்த்த பிற நாடுகளுக்கான அம்மருந்தின் உரிமைகளை இந்தியாவின் சிப்லா குழுமம் பின்னர் வாங்கியது. அறிவியல் வென்ற இடத்தில் சந்தை தோற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

உலக சுகாதார அமைப்பு 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, மனிதர்களிடம் பரிசோதனை நிலையில் உள்ள பாக்டீரியா எதிர்ப்பு மருந்துகளின் எண்ணிக்கை 2023-இல் 97 ஆக இருந்து 90 ஆகக் குறைந்துள்ளது. அவற்றில் புதுமையானவை எனக் கருதத்தக்கவை 15 மட்டுமே. மிக ஆபத்தானவையாகப் பட்டியலிடப்பட்ட பாக்டீரியாக்களில் ஒன்றையேனும் எதிர்கொள்ளவல்லவை ஐந்துதான். பெருநிறுவனங்கள் பலவும் விலகிவிட்டதால், தொடக்கநிலை ஆய்வில் ஈடுபட்டுள்ளவற்றில் பெரும்பாலானவை 50-க்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட சிறு நிறுவனங்களே.

தட்டுப்பாடும் அளவு மீறலும்

இந்தியாவில் இச்சிக்கலுக்கு இரு முகங்கள் உள்ளன. லான்செட் தொற்றுநோய்கள் இதழில் 2025-இல் வெளியான ஆய்வொன்று, இந்தியா உள்ளிட்ட எட்டு நாடுகளில் கார்பபெனெம் மருந்துகளுக்குக் கட்டுப்படாத தொற்றுகளை ஆராய்ந்தது. 2019-இல் அந்நாடுகளில் ஏற்பட்ட சுமார் 15 லட்சம் தொற்றுகளில் 6.9 சதவீதத்துக்கு மட்டுமே பொருத்தமான ஆன்டிபயாடிக் கிடைத்திருக்கக்கூடும் என அது மதிப்பிட்டது. இந்தியாவைப் பொருத்தவரை இது 7.8 சதவீதம். அதாவது, உயிர் காக்கும் மருந்து தேவைப்பட்ட நூறு பேரில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு அது எட்டவில்லை.

மறுபுறம், தேவையற்ற பயன்பாடு பரவலாக உள்ளது. இந்தியத் தனியார் துறையில் 2019-இல் மிக அதிகமாகப் பயன்படுத்தப்பட்ட ஆன்டிபயாடிக் தயாரிப்பு அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை என்பதை லான்செட் குழும இதழ் ஒன்றின் ஆய்வு வெளிக்கொணர்ந்தது. சளி, காய்ச்சலுக்கெல்லாம் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையாகவே அது மாறிவிட்டது. வைரஸால் வரும் சாதாரணக் காய்ச்சலில் அதனால் எப்பயனும் இல்லை.

நாஃபித்ரோமைசினின் எதிர்காலம் குறித்த முக்கியக் கேள்வி இங்குதான் எழுகிறது. அசித்ரோமைசினைவிடப் பத்து மடங்கு செயல்திறன் கொண்டது என்று அரசு இதை அறிமுகப்படுத்தியது. மூன்று நாள் மாத்திரை என்ற வசதியே இதன் வலிமை. முறைகேடான விற்பனைக்கு எளிதில் வழிவிடும் என்பதால் அதுவே இதன் பலவீனமும்கூட. அசித்ரோமைசின் சென்ற வழியிலேயே இதுவும் சென்றால், 14 ஆண்டு உழைப்பின் பலன் சில ஆண்டுகளில் கரைந்துபோகக்கூடும். மாறாக, சிடெபாக்டம் போன்ற ஊசி மருந்துகளின் சிக்கல், மாவட்ட மருத்துவமனை வரை அவை செல்லுமா என்பதே. ஒரே கொள்கையால் இவ்விரண்டையும் கையாள இயலாது.

செய்யத்தக்கவை எவை?

பிரிட்டன் ஒரு மாற்று வழியைக் காட்டியுள்ளது. அந்நாட்டின் தேசிய சுகாதார சேவை 2022 முதல் இரண்டு புதிய ஆன்டிபயாடிக்குகளுக்கு, விற்பனை அளவைக் கருதாமல் ஆண்டுக்கு ஒரு கோடி பவுண்ட் வரை நிலையான சந்தா செலுத்தும் முறையைத் தொடங்கியது. தீ விபத்து நடக்காத ஆண்டிலும் தீயணைப்பு நிலையத்துக்கு ஊதியம் வழங்கப்படுவதைப் போன்றது இது. மருந்து தயாராக இருப்பதற்கே நிறுவனத்துக்குப் பணம் கிடைக்கிறது என்பதால், அதிகம் விற்கும் நிர்பந்தம் நீங்குகிறது.

பெரும்பாலானோர் மருந்துச் செலவைத் தம் கையிலிருந்தே செலுத்தும் இந்தியாவில் இதை அப்படியே பின்பற்றுவது கடினம். ஆனால் மாநிலங்களிடம் ஒரு வலுவான அடித்தளம் உள்ளது. 1990-களில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கிவைத்த மையக் கொள்முதல் முறையைப் பின்னர் பல மாநிலங்கள் ஏற்றன. ஒதுக்கீட்டு வகை ஆன்டிபயாடிக்குகளை இத்தகைய அமைப்புகள் வழியாக மாநிலங்கள் கூட்டாகக் கொள்முதல் செய்து, குறைந்தபட்ச ஆண்டுத் தொகையை உறுதிசெய்தால், விலையும் கட்டுக்குள் வரும். உற்பத்தியாளருக்கும் நிச்சயம் கிடைக்கும்.

பன்னாட்டு முன்மாதிரியும் உள்ளது. ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் கண்டுபிடித்த செஃபிடெரோகால் மருந்தைக் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளுக்காகத் தயாரிக்கும் உரிமத்தை, ஜெனீவாவில் இயங்கும் கார்ட்பி அமைப்பு வழியாக 2023-இல் ஆர்க்கிட் பார்மா பெற்றது. 135 நாடுகளை இந்த ஏற்பாடு உள்ளடக்குகிறது.

மருந்துக்கு முன்பாகத் தேவைப்படுவது பரிசோதனை. எந்தப் பாக்டீரியா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை அறியும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர வழக்கமாக இரண்டு, மூன்று நாட்கள் ஆகின்றன. சிறு நகர மருத்துவமனைகள் பலவற்றில் அந்த வசதியே இல்லை. சோதனை முடிவு இல்லாத இடத்தில் மருத்துவர் அனுமானத்தின் பேரிலேயே வலிமையான மருந்தை எழுதுகிறார். விலையுயர்ந்த புதிய மருந்தை அவ்வாறு எழுதுவது, நோயாளிக்கும் மருந்தின் ஆயுளுக்கும் ஒருசேரப் பாதகமானது.

மத்திய அரசு 2025 நவம்பரில் 2025–29 காலத்துக்கான இரண்டாவது தேசிய செயல்திட்டத்தை வெளியிட்டது. முதல் திட்டம் 2017 முதல் 2021 வரை நடைமுறையில் இருந்தது. பல மாநிலங்கள் தமக்கான செயல்திட்டத்தை வகுப்பதிலேயே பின்தங்கியதால் அதன் பலன் சீராக அமையவில்லை. மருந்துச்சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளிடமே உள்ளது. ஆகவே இரண்டாவது திட்டத்தின் வெற்றியும் மாநிலங்களின் கையில்தான் இருக்கிறது.

ஆய்வகங்கள் தம் பங்கைச் செய்யத் தொடங்கிவிட்டன. மாவட்ட மருத்துவமனைகளில் நுண்ணுயிரியல் ஆய்வகம், ஒதுக்கீட்டு வகை மருந்துகளுக்கான தனி நிதி, மருந்துக்கடை விற்பனையின் மீது உண்மையான கண்காணிப்பு ஆகிய மூன்றும் வரும் நிதிநிலை அறிக்கைகளில் எந்த அளவுக்கு இடம்பெறுகின்றன என்பதே இனி கவனிக்க வேண்டியது. அவை இல்லையேல், இந்தியாவில் உருவான மருந்து வெளிநாட்டு மருத்துவமனைகளில் உயிர் காக்கும்போது, உள்நாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மருத்துவர்கள் பலனிழந்த மருந்துகளையே தொடர்ந்து செலுத்தும் நிலை நீடிக்கும்.