ரீசெட் செய்த பிறகும் எடுத்துவிடலாமாம்!

"கம்ப்யூட்டரில் அழித்தது எதுவும் அழியாது. ஃபேக்டரி ரீசெட்டே செய்திருந்தாலும் கவலை வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்." சர்வீஸ் கடைகளில் தொடங்கி யூடியூப் வரை இதே பேச்சுதான். ஒரு காலத்தில் இது ஏறக்குறைய உண்மையாகவும் இருந்தது. அந்தக் காலம் மலையேறிவிட்டது என்பதை மட்டும் யாரும் சொல்லக் காணோம்.

முதலில் இப்படிச் சொல்பவர்கள் பக்கத்து நியாயத்தைப் பார்த்துவிடுவோம். ஹார்டு டிஸ்கில் ஒரு கோப்பை அழித்தால், விண்டோஸ் தன் பட்டியலில் அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். வேறு ஏதாவது அதன்மேல் எழுதப்படும்வரை பழையது அப்படியே கிடக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் இருவரும் 158 பழைய டிஸ்குகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்து, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். ஓடும் நிலையில் இருந்தவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை வெறும் 12. மற்றவற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. 2015-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 21 பழைய ஆண்ட்ராய்டு போன்களைச் சோதித்தபோதும் ரீசெட் பல இடங்களில் வெறும் கண்துடைப்பாகவே இருந்தது தெரியவந்தது. ஆனால் அவையெல்லாம் ஆண்ட்ராய்டு 2.3 முதல் 4.3 வரையிலான போன்கள்.

இனி அவர்கள் வாதங்களுக்கு வருவோம். "ஹார்டு டிஸ்கானால் என்ன, எஸ்.எஸ்.டி.யானால் என்ன, எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். அடிப்படைத் தவறே இங்குதான். எஸ்.எஸ்.டி.யில் உள்ள ஃபிளாஷ் சில்லில் பழையதன்மேல் நேரடியாகப் புதியதை எழுத முடியாது. முதலில் ஒரு தொகுதியையே அழித்தாக வேண்டும். கடைசி நேரத்தில் அழித்துக்கொண்டிருந்தால் வேகம் குறையும் என்பதால், எந்த இடம் வேண்டாதது என்று விண்டோஸ் முன்கூட்டியே டிரைவுக்குச் சொல்லிவிடுகிறது. ட்ரிம் என்ற இந்தக் கட்டளை 2009-ல் வந்த விண்டோஸ் 7-லிருந்தே இருக்கிறது. கோப்பை நீக்கும்போதும் போகும், பார்மட் செய்யும்போதும் போகும். அதன்பின் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலான டிரைவுகள் பூஜ்யங்களையே நீட்டும். உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் உண்மையாகவே அழித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் இருந்தால் போதும், நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. இன்று விற்கும் லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"அப்படியானால் ஸ்கேன் செய்ததும் என் கோப்புகளின் பெயரெல்லாம் வருகிறதே?" வரும். கோப்பின் பெயர், அளவு, தேதி எல்லாம் விண்டோஸின் பட்டியலில் தனியாக இருப்பவை. உள்ளடக்கத்தைத் துடைத்த பிறகும் அந்தப் பட்டியலின் மிச்சசொச்சம் தங்கிவிடுவதுண்டு. மீட்டதாகச் சொல்லப்படும் கல்யாணப் படம் ஒன்றை ஹெக்ஸ் வியூவரில் திறந்து பாருங்கள். ஜேபெக் படமென்றால் 'எஃப்எஃப் டி8 எஃப்எஃப்' என்று தொடங்க வேண்டும். இங்கே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை 00 00 00. அளவு மட்டும் கச்சிதமாக 4 எம்.பி. காட்டும். பெயர்ப் பட்டியலை இலவசமாகக் காட்டிவிட்டு, எடுத்துத் தரப் பணம் கேட்கும் மென்பொருள்கள் பிழைப்பதே இந்த ஏமாற்றத்தில்தான். பிரிவியூவில் படம் தெரியாதவரை சல்லிக்காசு கட்டாதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துத் தேடும். ஹார்டு டிஸ்கில் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் பெயரும் ஃபோல்டரும் திரும்பி வராது. சிதறி எழுதப்பட்ட பெரிய கோப்புகள் அரைகுறையாகத்தான் வரும்.

"போலீஸ் லேப்பில் எடுக்கிறார்களே!" சாதனத்தை ரீசெட் செய்யாமல் கைப்பற்றினால் கதை வேறு. புதிய போன்கள் எல்லாவற்றையும் மறையாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்தே எழுதுகின்றன; ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவரும் போன்களுக்கு அது கட்டாயம். ரீசெட் செய்ததும் போன் மறையாக்கச் சாவியைத் தொலைத்துவிடும். பிறகு சில்லையே கழற்றி எடுத்துப் படித்தாலும் கிடைப்பது வெறும் குப்பை. விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் டிரைவ் மறையாக்கம் பெரும்பாலும் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். ஆக, கம்ப்யூட்டரும் அந்த வழிக்கே வந்துகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, போனது போனதுதான் என்று உட்கார்ந்துவிடுவதும் தப்பு. ரீசெட்டில் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்திருந்தால் யூசர்ஸ் ஃபோல்டரில் கோப்புகள் இருக்கும், மென்பொருள்கள்தான் போயிருக்கும். சில சமயம் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டரும் கிடைக்கும். சில நாட்களில் விண்டோஸே அதை நீக்கிவிடும் என்பதால் உடனே பாருங்கள். எல்லாவற்றையும் அழி என்று கொடுத்தவர்களுக்கும், மற்ற டிரைவுகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்காதவரை டி டிரைவ் தப்பித்திருக்கும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் கம்ப்யூட்டரை உடனே நிறுத்துங்கள். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, முழு நகல் எடுத்து, நகலில் தேடுங்கள்; கிடைப்பதை இன்னொரு டிஸ்கில் சேமியுங்கள். மீட்பு மென்பொருளையே அந்த டிஸ்கில் நிறுவுகிறவர்களுக்கு என்ன சொல்ல!

இதற்கெல்லாம் முன்னால், வேறொரு போனிலிருந்தாவது ஒன்டிரைவ் தளத்துக்குள் நுழைந்து பாருங்கள். டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் உங்களுக்குத் தெரியாமலேயே அங்கே ஏறியிருக்கலாம். அங்குள்ள ரீசைக்கிள் பின்னையும் திறந்துவிடுங்கள்: தனிநபர் கணக்கில் நீக்கியவை 30 நாள் இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள்.