கம்ப்யூட்டர் உலகின் கூலியில்லா ஊழியர்கள்

பெங்களூர் என்றாலே கம்ப்யூட்டர்தான் என்று நம் ஊர்க்காரர்கள் முடிவு கட்டி வெகுநாளாகிறது. பீன்யாவில் லேத் ஓட்டுகிறவனும் சரி, சிவாஜி நகரில் கடைக் கணக்கு எழுதுகிறவனும் சரி, "பெங்களூரில் இருக்கிறேன்" என்று சொன்னால் போதும், கல்யாணத் தரகர் அதை சாப்ட்வேர் வேலை என்றே எழுதிக்கொள்கிறார். சாப்ட்வேர் வேலை என்றால் கொழுத்த சம்பளம் என்பதும் ஊரறிந்த சங்கதி. ஆனால் அந்தத் தொழிலின் அஸ்திவாரத்திலே சம்பளம் என்ற பேச்சே இல்லாமல் உழைக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் எழுதித் தந்ததை வைத்துத்தான் பெரிய பெரிய கம்பெனிகள் பணம் பண்ணுகின்றன. இது பலருக்குத் தெரியாது. எனக்கும் புரோகிராம் எழுதத் தெரியாது; பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று ரயில்வே குமாஸ்தா ஆனவன் நான். என்றாலும், உழைப்புக்கும் கூலிக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிப் பேச அதிகப் படிப்பு தேவையில்லை என்பது என் கட்சி.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீன்யாத் தொழிலாளர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சாதாரணமாக ஒரு கம்பெனி உங்களுக்கு மெஷினை விற்கும். அதன் டிராயிங்கைத் தராது. ரிப்பேர் என்றால் அந்தக் கம்பெனியிடமே போக வேண்டும். இதற்கு மாறாக, மெஷினோடு டிராயிங்கையும் கொடுத்து, "பிரித்துப் பார், திருத்திக்கொள், நகல் எடுத்து நாலு பேருக்குக் கொடு" என்று சொல்வதுதான் ஓபன் சோர்ஸ். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ல் இப்படிப்பட்ட ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 1991-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸ் என்ற ஒன்றை எழுதி, எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன் எந்த விலையில் வாங்கியதானாலும் அதன் அடிமட்டத்தில் ஓடுவது அந்த லினக்ஸ்தான். நம்மவர்களும் இதில் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டரில் தமிழ் டைப் அடிக்க எ-கலப்பை என்ற புரோகிராமைத் 'தமிழா' என்ற தன்னார்வக் குழுவினர் இலவசமாகவே கொடுத்தார்கள். அதில் அடித்துப் பழகிய குமாஸ்தாக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

லினக்ஸ் போன்ற பெரிய திட்டங்களுக்குக் கம்பெனிகளே இன்று ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கின்றன. அதில் குறையில்லை. அதைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்னப் புரோகிராம்களின் நிலைமைதான் பரிதாபம். ஆயிரக்கணக்கில் இருக்கும் இவற்றில் பலவற்றை ஒருவரோ இருவரோ, வேலை போக மிச்ச நேரத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றில் 2024-ம் வருஷம் நடந்ததை விவரமாகச் சொல்கிறேன்.

எக்ஸ்-இசட் என்று ஒரு புரோகிராம். பெரிய பைல்களைச் சுருக்கி வைப்பது அதன் வேலை. வெளியே யாரும் பெயர் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் உலகெங்கும் லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டர்களில் அது இருக்கிறது. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கொலின் என்பவர் பல வருஷங்களாக ஏறக்குறையத் தனியாளாக அதைக் கவனித்துவந்தார். கூலி கிடையாது. 2021-ல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சில்லறைத் திருத்தங்கள் செய்து உதவ ஆரம்பித்தார். 2022-ல் வேறு சில பெயர்களில் சிலர் கிளம்பி, "வேலை ஏன் இவ்வளவு மந்தமாக நடக்கிறது? முடியாவிட்டால் வேறு ஆளிடம் விட வேண்டியதுதானே" என்கிற தோரணையில் கொலினை நெருக்கினார்கள். தனக்கு நெடுநாளாக மனநலம் சரியில்லை என்றும், இது சம்பளமில்லாமல் செய்கிற காரியம் என்பதை மறக்கக்கூடாது என்றும் அந்த மனிதர் பொறுமையாகவே பதில் எழுதினார். கடைசியில், உதவிக்கு வந்த ஜியா டானிடம் பொறுப்பில் பாதியைக் கொடுத்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லபிள்ளையாக உழைத்த அந்த ஆசாமி, 2024 பிப்ரவரியில் வெளியிட்ட புதிய பதிப்பில் ஒரு கள்ளக் கதவை ஒளித்துவைத்தார். தொலைவிலிருந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய எஸ்.எஸ்.எச். என்று ஒரு வாசல் உண்டு. அந்த வாசலுக்குத் தன்னிடம் மட்டும் ஒரு ரகசியச் சாவி இருக்கும்படி செய்துகொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைக் கண்டுபிடித்தது போலீஸும் அல்ல, ராணுவமும் அல்ல. மைக்ரோசாப்ட் கம்பெனியில் வேலை பார்க்கும் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற எஞ்சினியர், வேறு ஏதோ சோதனையில் இருந்தபோது, அந்த வாசல் திறக்க வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று கவனித்தார். அரை விநாடிதானே என்று விட்டுவிடவில்லை. தோண்டிப் பார்த்து, 2024 மார்ச் 29-ம் தேதி, அன்று புனித வெள்ளி, உலகத்துக்கு அறிவித்தார். சோதனை நிலையில் இருந்த சில லினக்ஸ் பதிப்புகளில்தான் அந்த நஞ்சு அதுவரை ஏறியிருந்தது. இன்னும் சில மாதம் கழித்துத் தெரிந்திருந்தால் உலகெங்கும் உள்ள சர்வர்களில் பரவியிருக்கும். ஜியா டான் என்பது நிஜப்பெயரா, அது ஒருவரா பலரா என்பது இன்றுவரை வெளியாகவில்லை.

இந்தச் செய்தியை விவரமாகப் படித்தபோது எனக்கு எங்கள் கீமேன்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். ரயில்வேயில் கீமேன் என்று ஓர் ஊழியர் உண்டு. சுத்தியலும் ஸ்பானரும் தூக்கிக்கொண்டு, தனக்கு ஒதுக்கிய தூரம் முழுக்கத் தண்டவாளத்தோடு நடந்து, கழன்ற கிளிப்பையும் தளர்ந்த போல்ட்டையும் பார்த்துச் சரிசெய்வது அவர் வேலை. மாரிக்குப்பம் வண்டியில் நின்றுகொண்டே வேலைக்கு வருகிற கோலார் தங்கவயல் ஜனங்களில் எத்தனை பேர் அவர் முகத்தைப் பார்த்திருப்பார்கள்? அவர் நடந்ததால்தான் வண்டி தடம் புரளாமல் வருகிறது. எக்ஸ்-இசட் போன்ற புரோகிராம்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் அந்த மாதிரி ஆட்கள்தான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். கீமேனுக்கு மாதச் சம்பளம் உண்டு, வார ஓய்வு உண்டு. அவர் ஓய்வில் போகும் நாளில் வேறு ஆள் நடப்பார். எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கும் ரெஸ்ட் கிவர், லீவ் ரிசர்வ் என்று ஏற்பாடு இருக்கிறது. அது போதவில்லை என்று யூனியன்கள் போராடுகின்றன என்பது வேறு விஷயம். பின்லாந்து மனிதருக்கு லீவ் ரிசர்வ் யார்? யாரும் இல்லை. அதனால்தான் மாற்று ஆளாகத் திருடன் வந்து உட்கார முடிந்தது.

சார்ஜ் ஒப்படைப்பது என்றால் என்ன என்று ஆபீசில் வேலை பார்க்கிற எவருக்கும் தெரியும். வருகிறவர் எந்த ஆர்டரில் வந்தார் என்று பார்த்து, இருப்பை எண்ணி, ரிஜிஸ்டரில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி கை மாறும். அந்தக் கட்டுப்பாடு எதுவும் இங்கே இல்லை. அதற்காகக் கொலினைக் குறை சொல்வது பாவம். அவருக்கு மேலதிகாரியும் கிடையாது, உதவிக்கு ஆபீசும் கிடையாது. அவருடைய உழைப்பைப் பயன்படுத்திய கம்பெனிகளுக்கு இரண்டும் இருந்தன.

"பார்த்தீர்களா, டிராயிங்கை ஊருக்கெல்லாம் காட்டினால் இப்படித்தான் ஆகும்; காசு கொடுத்து மூடிய சரக்கை வாங்குவதே மேல்" என்று சிலர் சொல்லக்கூடும். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பிராய்ண்டால் அந்த அரை விநாடியைத் துரத்திக்கொண்டு உள்ளே போக முடிந்தது எதனால்? உள்ளே பார்க்க அனுமதி இருந்ததால். மூடிய சரக்கானால் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதே 2024-ம் வருஷம் ஜூலை 19-ம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்பெனி அனுப்பிய ஒரு கோளாறான திருத்தத்தால் உலகம் முழுதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாசைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது காசு கொடுத்து வாங்கிய சரக்குதான்.

ஆள் பற்றாக்குறையால் வரும் ஆபத்து 2024-ல்தான் முதன்முதலாக வந்தது என்றும் சொல்ல முடியாது. 2014 ஏப்ரலில் ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற புரோகிராமில் ஓட்டை தெரியவந்தது. உலகத்து வலைத்தளங்களில் பெரும்பகுதி தங்கள் ரகசியத்தைக் காக்க நம்பியிருந்த புரோகிராம் அது. அதற்கு முழுநேர ஆள் ஒருவர்தான். வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்று அப்போது தெரிந்தது. அவசரமாகக் கம்பெனிகள் சேர்ந்து ஒரு நிதி திரட்டின. 2021 டிசம்பரில் லாக்-போர்-ஜே என்ற இன்னொன்றில் அதேமாதிரி கூத்து. கூரை ஒழுகும்போது ஓடு மாற்றுவதும், மழை விட்டதும் மறந்துவிடுவதும் நம் வீட்டுப் பழக்கம் மட்டுமல்ல போலிருக்கிறது.

இனி நம் பிள்ளைகள் சமாசாரம். கசப்பாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். வருஷாவருஷம் அக்டோபர் மாதத்தில் ஓபன் சோர்ஸ் திட்டங்களுக்கு நாலு திருத்தம் அனுப்பினால் டி-சர்ட் பரிசு என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி அறிவித்துவந்தது. 2020-ல் நம் நாட்டில் வெளியான ஒரு பாட வீடியோவைப் பார்த்துவிட்டு, மாணவர்கள் ஒரு வார்த்தை, ஒரு வரி என்று அர்த்தமில்லாத திருத்தங்களை மூட்டை மூட்டையாக அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து நிராகரிக்க வேண்டியவர், கூலியில்லாமல் உழைக்கிற அதே ஆள். சம்மதம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும்தான் இனி அனுப்பலாம் என்று அந்தக் கம்பெனி அந்த மாதமே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. சரி, புத்தி வந்தது என்று பார்த்தால் 2024 தொடக்கத்தில் மறுபடியும். எக்ஸ்பிரஸ் என்ற திட்டத்தின் முகப்புக் குறிப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி திருத்தம் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டு மாணவர்களே. திருத்தம் அனுப்புவது எப்படி என்று ஒரு பாடத்தில் உதாரணம் காட்டினார்களாம். பிள்ளைகள் அதையே பரீட்சை விடைபோல எழுதிவிட்டார்கள். கோவில் சுவரில் பெயர் கிறுக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பிள்ளைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. இன்டர்வியூவில் இப்படிப்பட்ட கணக்கைப் பார்ப்பார்கள் என்று கோச்சிங் சென்டர்கள் பயமுறுத்துகின்றன. கடன் வாங்கிப் படிக்கவைத்த அப்பாவும் வேலை எப்போது என்று கேட்கிறார். ஆனால் உங்கள் வீட்டில் எஞ்சினியரிங் படிக்கும் பிள்ளை இருந்தால் ஒன்று சொல்லுங்கள். தான் தினமும் பயன்படுத்துகிற ஒரு புரோகிராமில் உண்மையான ஒரு கோளாறைக் கண்டு, எப்போது, எப்படி வருகிறது என்று தெளிவாக எழுதி அனுப்பட்டும். அதற்கு நேரமாகும், டி-சர்ட் கிடைக்காது. தமிழில் பல புரோகிராம்களின் மொழிபெயர்ப்பு அரைகுறையாக நிற்கிறது. அதில் பத்து வரி சரியாக எழுதினாலும் அதைத் தமிழ்நாட்டில் ஒரு பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தா பயன்படுத்துவார்.

மீதிப் பேச்சு பணத்தைப் பற்றியது. ஜெர்மனி அரசு 2022-ல் இதற்கென்றே ஒரு நிதி ஏற்படுத்தி, இப்படிப்பட்ட அடிப்படைப் புரோகிராம்களைப் பராமரிப்பவர்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து கூலி கொடுக்கத் தொடங்கியது. நம் பெங்களூரிலேயே, பங்கு வர்த்தகம் செய்யும் ஜெரோதா கம்பெனி, வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர், அதாவது எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல், உலகெங்கும் உள்ள ஓபன் சோர்ஸ் திட்டங்களுக்குக் கொடுப்பதாக 2024-ல் அறிவித்தது. இந்த ஊரில் அதைவிடப் பல மடங்கு பெரிய கம்பெனிகள் எத்தனை இருக்கின்றன என்று எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து போர்டுகளைப் படித்தாலே தெரியும்.

மத்திய அரசும் 2015-ல் ஒரு கொள்கை அறிவித்தது. அரசுக் காரியங்களுக்கு ஓபன் சோர்ஸுக்கே முதலிடம், டெண்டர் போடுகிற கம்பெனி அதை ஒதுக்கினால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல கொள்கை, வரிப்பணம் மிச்சமாகும். ஆனால் மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்காவது அந்தப் புரோகிராம்களைத் தூக்கி நிறுத்துகிறவர்களுக்குப் போக வேண்டாமா? கான்டிராக்ட் எடுக்கிற கம்பெனி லாபம் எடுத்துக்கொள்கிறது. சரக்கை எழுதியவன் தெருவில் நிற்கிறான். அரசுப் பணம் வாங்கினால் அரசு ஆட்டிவைக்கும் என்று சிலர் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் டிராயிங் எல்லார் கையிலும் இருக்கும்போது, அரசு நினைத்தாலும் அதை மறைவாகத் திருகிவிட முடியாது.

பெரிய சட்டம் ஏதும் வேண்டியதில்லை. கர்நாடக அரசும் சரி, தமிழக அரசும் சரி, சாப்ட்வேருக்கு டெண்டர் விடும்போது படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கலாம்: நீங்கள் பயன்படுத்தப்போகும் ஓபன் சோர்ஸ் புரோகிராம்கள் எவை, அவற்றைப் பராமரிப்பவர்களுக்கு இந்த வருஷம் என்ன கொடுத்தீர்கள்? பதில் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தால் அந்த டெண்டரைத் திருப்பி அனுப்பலாம். ஓட்டுக் கேட்டு நம் பேட்டைக்கு வருகிறவர்களிடம் ரேஷன் கார்டு, குடிநீர், பட்டா என்று கேட்பது வழக்கம். அந்தப் பட்டியலில் கடைசியாக இதையும் சேர்த்துக் கேட்டுவைக்கலாம்.