அறிவியல் அரங்கம்: நலமுள்ள நாய்க்கும் நெஞ்சுச் சோதனையா?

நம் சங்கத்துக் குடும்பங்களுள் நாய் வளர்ப்போர் பலர். ஊர்விட்டு ஊர் வந்து, உற்றார் அருகில் இல்லாது வாழும் இல்லங்களில் வாயிற்காவலுக்கும் குழந்தைகளின் தோழமைக்கும் நாயே துணையாகின்றது. அத்தகைய இல்லத்தார் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கால், "ஒரு முறை எக்கோ எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று அவர் கூறக் கேட்டு மலைப்பதுண்டு. உண்கிறது, ஓடுகிறது, குரைக்கிறது; நோயற்ற நாய்க்கு நெஞ்சுச் சோதனை எதற்கு என்பது அவர்தம் வினா. நியாயமான வினாவே. அதற்கு விடை காண்பதே இம்மாதம் நமது நோக்கம்.

மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். நாயின் செவி 40,000 அதிர்வுகளையும் எட்டும். எக்கோ கருவி அனுப்பும் ஒலியோ 20 இலட்சம் அதிர்வுகளுக்கும் மேற்பட்டது. ஆதலின் அது நாய்க்கும் கேளாது. அவ்வொலி மென்தசைகளின் ஊடே நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் சென்று, இதயச் சுவர்களிலும் வால்வுகளிலும் பட்டு எதிரொலியாய்த் திரும்புகின்றது. திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணித்துக் கருவி படம் வரைகின்றது. ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகரில், மருத்துவர் எட்லரும் இயற்பியலார் ஹெர்ட்ஸும் 1953-ஆம் ஆண்டு இம்முறையைத் தொடங்கினர். உலோகத்தில் மறைந்துள்ள பிளவுகளைக் கண்டறியும் கருவியொன்றைக் கடனாகப் பெற்றே துடிக்கும் மனித இதயத்தின் அசைவை அவர்கள் முதன்முதலில் பதிவு செய்தனர். பின்னர் அக்கலை விலங்கு மருத்துவத்துக்கும் வந்து சேர்ந்தது.

சோதனையைப் பற்றி அஞ்சவேண்டியதில்லை. கத்தி இல்லை; பெரும்பாலும் மயக்க மருந்தும் இல்லை. நடுவே துளையுள்ள மேசைமீது நாயை வலப்பக்கம் கீழாகப் படுக்க வைப்பர். இதயம் மார்புச் சுவரையொட்டிச் சாய்வதால், நுரையீரற் காற்றின் தடை குறைகின்றது. துளையின் வழியே கீழிருந்து கருவியை வைத்துப் பார்ப்பர். உரோமத்தைச் சிறிது மழித்துப் பசை தடவுவதும் உண்டு. வீட்டார் ஒருவர் தலைமாட்டில் நின்று தடவிக் கொடுத்தால் நாய் அமைதியுறும். மூச்சிரைத்தால் படம் கலங்கும். நலமுள்ள நாய்க்கே மூச்சோடு இதயத் துடிப்பு விரைவதும் தணிவதும் இயல்பாதலின், ஒரு துடிப்பை மட்டும் அளவாமல், பல துடிப்புகளை அளந்து சராசரி காண்பர்.

அளப்பது யாது? உடலெங்கும் குருதியைச் செலுத்துவது இடது கீழறை. அது விரிந்த நிலையில் 40 மில்லிமீட்டர் அகலமும், சுருங்கிய நிலையில் 28 மில்லிமீட்டர் அகலமும் உடையதாயின், சுருக்கம் 12; அதாவது 40-இல் நூற்றுக்கு 30 பங்கு. நலமுள்ள நாய்கள் பலவற்றில் இது ஏறத்தாழ 25 முதல் 45 வரை இருக்கும். இடது மேலறையைப் பெருந்தமனியின் அகலத்தோடு ஒப்பிட்டு, அது 1.6 மடங்கை எட்டினால் மேலறை வீங்கியதெனக் கொள்வர். டாப்ளர் முறையால் குருதி பாயும் திசையையும் வேகத்தையும் அறியலாம். வால்வின் கசிவு இதனால் வெளிப்படும்.

ஈண்டு நாம் கருதவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பொமரேனியனின் இதயமும் அல்சேஷனின் இதயமும் ஓரளவின அல்ல. எடைக்கேற்ப அளவு மாறும், இனத்துக்கேற்பவும் மாறும். கிரேஹவுண்டு போன்ற வேட்டை ஓட்ட நாய்களுக்கு இயல்பிலேயே இதயம் பெரிது. சுருக்க வீதமோ குறைவு. பிற இனங்களின் அட்டவணையை வைத்து அளந்தால், குறையேதும் இல்லாத நாயும் நோயாளியாய்த் தோன்றும். வேண்டாத மருந்தை வாழ்நாளெல்லாம் உண்ணும். நம்மவர் ஊரிலிருந்து ஆசையாய்க் கொணரும் சிப்பிப்பாறையும் கன்னியும் அவ்வகை ஓட்ட நாய்களே. ஆகவே, "எவ்வினத்தின் அளவோடு ஒப்பிட்டீர்கள்?" என்று மருத்துவரைப் பணிவுடன் கேட்பது தவறன்று. நலமுள்ள நாய்களை அளந்து வைத்தாலன்றி நோயுற்றவற்றை இனங்காண இயலாது. ஒரே நாய்க்கு இன்று எடுத்த அளவு, நாளை அதன் உடல் தளருங்கால் ஒப்பிடுதற்கு உதவும்.

மற்றொரு காரணமும் உண்டு. சிற்றின நாய்கள் முதுமையுறும்போது ஈரிதழ் வால்வு தடித்துக் கசிவது மிகுதி. அந்நோய் ஆண்டுக்கணக்கில் வாய்திறவாமல் இருக்கும். இதயம் பெருத்தும் இன்னும் இருமலோ இளைப்போ தோன்றாத நாய்களுக்குப் பிமோபென்டான் என்னும் மருந்தைக் கொடுத்தால், இதயச் செயலிழப்பு ஏறத்தாழ 15 மாதங்கள் தள்ளிப்போகின்றது என 2016-ஆம் ஆண்டு வெளியான பெரியதோர் ஆய்வு காட்டிற்று. பதினைந்து மாதம் நாயின் வாழ்நாளில் சிறு பொழுதன்று. ஆனால் இதயம் பெருத்துள்ளதா என்பதை உறுதியாய் உரைக்க வல்லது எக்கோவே.

அவ்வாறாயின் எல்லா நாய்க்கும் இச்செலவு வேண்டுமோ? வேண்டா. மருத்துவர் செவிக்கு முணுமுணுப்பு ஒலி கேட்ட நாய், இதயத் தசை நோய்க்கு இலக்காகும் டாபர்மேன் இனம், இனப்பெருக்கத்துக்கு விடப்படும் நாய் ஆகியவற்றுக்கு அது தகும். டாபர்மேனுக்கு எக்கோ மட்டும் போதாது. துடிப்பின் ஒழுங்கை 24 மணிநேரம் பதியும் சோதனையும் வேண்டும். இளமையும் நலமும் உடைய பிற நாய்களுக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவர் நெஞ்சொலி கேட்பதே பெரும்பாலும் போதும்.

செலவில்லாத சோதனை ஒன்றும் உண்டு. நாய் ஆழ்ந்து உறங்கும்போது அதன் மார்பு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து தாழ்கிறது என எண்ணுங்கள். நலமுள்ள நாய்க்கு அது 30-ஐத் தாண்டுவதில்லை. பள்ளிச் சிறுவரும் எண்ணலாம். வாரம் ஒருமுறை நாட்காட்டியில் குறித்து வரலாம். எண்ணிக்கை தொடர்ந்து ஏறுமாயின் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக. வாயில்லாப் பிராணி தன் நோயை உரைக்காது. நாம்தான் எண்ணி அறிதல் வேண்டும்.