கால் தளர்ந்தால் கட்டில்தான் கதியா?

"வயசாச்சு, இனி அப்படித்தான் இருக்கும்." கால் தளர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வயோதிகத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் கிடைக்கும் வைத்தியம் இந்த ஒரு வாக்கியம்தான். முப்பது வருஷம் ரிங் பிரேமுக்கு முன்னால் நின்றவரும், நாற்பது வருஷம் சேற்றில் நடவு நட்ட தாயும் இதைக் கேட்டுக்கொண்டு, நாலு வலி மாத்திரையோடு வீடு திரும்புகிறார்கள். பிறகு திண்ணை. அதற்குப் பிறகு கட்டில்.

இந்த வாக்கியத்தில் பாதி உண்மை. மீதிப் பாதி, உழைத்து ஓய்ந்தவர்களைக் கைகழுவி விடுவதற்கான சாக்கு.

வயதாக ஆகக் கால் சதை கரைகிறது என்பது உண்மை. 1989-ல் இர்வின் ரோஸன்பர்க் என்ற அமெரிக்க நிபுணர் இதற்கு 'ஸார்கோபீனியா' என்று பெயரிட்டார். சதைக் குறைவு என்று பொருள். முதுகுத் தண்டிலிருந்து கால் சதைக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பணுக்கள் முதுமையில் ஒவ்வொன்றாக மடிகின்றன. அவற்றை நம்பியிருந்த சதை நார்கள் அநாதையாகின்றன. அதிலும் அதிகமாக அடிபடுவது, சட்டென்று இழுத்து வேலை செய்யும் வேக நார்கள்.

ஆகவே, பலத்தைவிட வேகம் விரைவாகப் போய்விடுகிறது. பிரிட்டனில் 65 முதல் 89 வயது வரை உள்ள, நோய்நொடி இல்லாத ஆண் பெண்களைப் பரிசோதித்து 1994-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெறும் பலம் வருஷத்துக்கு 1 முதல் 2 சதவீதம் குறைந்திருந்தது. அந்தப் பலத்தை வேகமாகச் செலுத்தும் சக்தியோ சுமார் 3.5 சதவீதம் குறைந்திருந்தது.

ஏதோ ஏட்டுக் கணக்கு என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். வரப்பில் கால் தடுக்குகிறது. அடுத்த காலை முன்னே வைத்துத் தாங்கிக்கொள்ள ஒரு விநாடிகூட அவகாசம் கிடையாது. பலம் மிச்சமிருந்தும் வேகம் இல்லாதவர் விழுவார். ஒரு காலைப் படியில் வைத்ததுமே டவுன் பஸ் நகர்ந்துவிடுகிறதே, அப்போதும் காப்பாற்றுவது இந்த வேகம்தான். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீட்டின் நிலைமை என்ன? பெரியவர் படுத்துவிட்டார், அவரைப் பார்த்துக்கொள்ள மகளோ மருமகளோ வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு கூலி நின்றுவிடுகிறது.

"ஆயுள் முழுக்க உழைத்த காலாயிற்றே, அதற்கா இந்தக் கதி?" என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. எட்டு மணி நேரம் நிற்பது காலைக் களைப்படையச் செய்யும். தொடைக்குப் பலத்தைச் சேர்க்காது. வருஷக் கணக்கில் குந்தி உட்கார்ந்தும் மண்டியிட்டும் செய்யும் வேலை முழங்கால் மூட்டைத் தேய்க்கிறது. மூட்டு வலிப்பதால் மனிதன் காலை அசைக்கப் பயப்படுகிறான். அசைக்காத தொடை மெலிகிறது. தொடை மெலிந்தால் மூட்டுக்குப் பாரம் கூடுகிறது. சுழல் வட்டி போல இது ஏறிக்கொண்டே போகும்!

இனி, அந்த வாக்கியத்தின் பொய்ப் பாதிக்கு வருவோம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் மருத்துவ விடுதி ஒன்றில், 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்குத் தொடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 1990-ல் முடிவு வெளிவந்தது. எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி. சொகுசான பயிற்சி அல்ல, கடுமையானதுதான். முடித்த ஒன்பது பேரின் தொடைப் பலம் சராசரி 174 சதவீதம் உயர்ந்தது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் அந்தப் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரைந்தும் விட்டது. தொண்ணூறு வயதில் திரும்பி வரும் பலம் அறுபத்தைந்தில் வராதா?

படுக்க வைப்பது வைத்தியம் என்ற நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டும். அமெரிக்காவில் நோயற்ற முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து 2007-ல் கணக்கு வெளியிட்டார்கள். கால்களிலிருந்து மட்டும் சுமார் ஒரு கிலோ சதை போயிருந்தது. பத்தே நாளில்! காய்ச்சலுக்குப் படுத்த பெரியவரை, காய்ச்சல் விட்ட மறுநாளே கைபிடித்து நடக்க வைப்பதுதான் அன்பு.

பயிற்சிக்கு யந்திரம் தேவையில்லை. திண்ணையோ உறுதியான நாற்காலியோ போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ பிடித்தால் கால் தளர்கிறது என்று ஆசிய நாட்டு நிபுணர்கள் 2019-ல் வரையறுத்தார்கள். சோதனை எதுவோ அதுவே பயிற்சியும். எழும்போது வேகமாக எழ வேண்டும், உட்காரும்போது மெதுவாக உட்கார வேண்டும். எட்டுப் பத்து முறை செய்து, சற்று இளைப்பாறி, மறுபடி ஒரு சுற்று. வாரத்தில் மூன்று நாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதும் நல்லது. இலேசாகிவிட்டால் கையில் ஒரு பை மணலை வைத்துக்கொள்ளலாம். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சரி, சாப்பாடு? வெறும் வயிற்றில் எந்தப் பயிற்சியும் சதையாக மாறாது. முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும் என்கிறார்கள் நிபுணர்கள். 50 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 கிராம். ரேஷனில் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்குக் கால் கிலோ; அதிலுள்ள புரதம் சுமார் 55 கிராம். மாதம் முழுவதற்கும் வரும் பருப்பு, பெரியவரின் ஒரு நாள் தேவைக்குச் சரி! அரிசியிலும் கொஞ்சம் உண்டுதான். மீதி முட்டையிலும் பாலிலும் மீனிலும் நிலக்கடலையிலும் வர வேண்டும். எதை வைத்து வாங்குவது? ஆலைத் தொழிலாளியின் குறைந்தபட்ச பென்ஷனை 2014 செப்டம்பரில் மத்திய சர்க்கார் மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. மாநில முதியோர் உதவித் தொகை 2023-ல் 1,200 ரூபாயாயிற்று. தினம் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் என்று போட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள்.

நின்று வேலை செய்வோருக்கு, இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். கடைச் சிப்பந்திகளுக்கு அந்த உரிமை தமிழ்நாட்டில் 2021-ல்தான் வந்தது. எத்தனை மில்களில் அந்த பெஞ்சு கண்ணில் படுகிறது என்பது தோழர்களுக்கே தெரியும்.

வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அடக்கம். நடக்க முடியாத பெரியவருக்கு மாத்திரையைவிட அது முக்கியம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: நமது ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இயன்முறைச் சிகிச்சையாளர் எந்தக் கிழமை வருகிறார்? காலனிப் பக்கம் எந்தெந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்?